நமக்கு மறுக்கப்பட்ட வாசலை நாம் பிறருக்கு அடைக்கலாமா?



சென்னையிலோ கோவையிலோ வாடகை வீடு தேடி அலைந்த முஸ்லிம் குடும்பத்துக்கு ஒரு பதில் நன்கு பழக்கமானது. தொலைபேசியில் "வீடு காலியாகத்தான் இருக்கிறது, வந்து பாருங்கள்" என்பார்கள். பெயரைச் சொன்னதும் குரல் மாறும். "ஊரிலிருந்து என் தம்பி வருகிறான், அவனுக்கே கொடுப்பதாக இருக்கிறோம்" என்பார்கள். சில இடங்களில் அந்த நாசூக்கும் இராது. உணவுப் பழக்கத்தைச் சொல்லி நேரடியாகவே மறுத்துவிடுவார்கள். முஸ்லிம்களுக்கு வாடகைக்கும் விலைக்கும் வீடு மறுக்கப்படுகிறது என்ற முறையீட்டை 2006ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கையே பதிவு செய்திருக்கிறது. இது நமக்கு இழைக்கப்படும் அநீதி என்று மேடைகளில் பேசுகிறோம், கட்டுரைகள் எழுதுகிறோம், பிள்ளைகளுக்கும் சொல்லி வளர்க்கிறோம். சரியாகவே செய்கிறோம்.

இப்போது இதன் மறுபக்கத்தைப் பார்ப்போம். நம்மில் கட்டடம் வைத்திருப்போர் பலர். மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் பெரியமேட்டிலும், மாவட்டத் தலைநகரங்களின் கடைவீதிகளிலும் நம்மவரின் மாடிகள், கிடங்குகள், பழைய வீடுகள் ஏராளம். வீடற்றோருக்கான காப்பகம் நடத்தும் தொண்டு நிறுவனத்தார் அத்தகைய ஒரு கட்டடத்தை வாடகைக்குக் கேட்டு வந்தால் அவர்கள் பெறும் பதில் என்ன? "மற்றொருவருக்குப் பேசி முடித்துவிட்டோம்", "அக்கம்பக்கத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்", "எப்படிப்பட்ட ஆட்கள் வருவார்களோ!" நமக்குச் சொல்லப்பட்ட அதே சொற்கள்தாம். சொல்லும் வாய் மட்டும் இப்போது நம்முடையது.

நமக்குச் செய்யப்படும்போது அநீதியாக இருப்பது, நாம் செய்யும்போது முன்னெச்சரிக்கை ஆகிவிடுமா? இதைத்தான் இக்கட்டுரை கேட்கிறது.

கேட்கப்படுவது என்ன?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிடுவோம். இங்கே யாரும் உங்கள் கட்டடத்தை இலவசமாகக் கேட்கவில்லை. வாடகை தருகிறோம், ஒப்பந்தம் எழுதுகிறோம், முன்பணம் கொடுக்கிறோம் என்றுதான் வருகிறார்கள். இது ஸதகா கேட்கும் விண்ணப்பமே இல்லை; ஹலாலான ஒரு வாடகை உடன்படிக்கைக்கான அழைப்பு.

ஏன் வருகிறார்கள்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இந்தியாவில் வீடற்றோர் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர் என்றது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நகரங்களில் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டின் பங்கு 50,000-ஐ ஒட்டியது. நடைபாதையில் உறங்குகிறவரை இரவோடு இரவாக எண்ணி முடிப்பது கடினம் என்பதால், உண்மையான தொகை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்பது இத்துறையில் உழைப்போரின் நெடுநாள் வாதம்.

2010ஆம் ஆண்டின் கடுங்குளிரில் தில்லி வீதிகளில் மனிதர்கள் மாண்டபோது, உணவுரிமை வழக்கை விசாரித்துவந்த உச்ச நீதிமன்றம் பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்றும், அது ஆண்டு முழுவதும் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. 2013இல் தொடங்கப்பட்ட தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதையே திட்டமாக வகுத்தது. நகராட்சிகளும் மாநகராட்சிகளும் பொறுப்பேற்க, பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள் காப்பகங்களை நடத்துகின்றன. ஆண்களுக்கு, பெண்களுக்கு, சிறுவர்களுக்கு, மனநோயிலிருந்து மீண்டு வருவோருக்கு, அரசு மருத்துவமனையில் கிடப்பவரின் உறவினருக்கு எனத் தனித்தனிக் காப்பகங்கள் சென்னையில் இயங்குகின்றன.

சென்னை மாநகராட்சியின் விரிவாக்கப்பட்ட எல்லைக்குள் 2011 கணக்கின்படியே 66 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். லட்சத்துக்கு ஒன்று என்றால் 66 காப்பகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டடம் வேண்டும். அதுவும் ஊருக்கு வெளியே, பேருந்து போகாத இடத்தில் இருந்தால் பயனில்லை. மூட்டை தூக்குகிறவர் சந்தையருகேதான் உறங்குவார். குப்பையில் பொருள் பொறுக்குகிறவர் கடைவீதியை விட்டு அகலார். ஆகவே ரயில் நிலையம், பேருந்து நிலையம், சந்தை ஆகியவற்றின் அருகிலேயே காப்பகம் அமைய வேண்டும் என்று திட்ட வழிகாட்டுதலும் கூறுகிறது. சென்ட்ரல் நிலையத்தையும் பாரிமுனையையும் சுற்றியுள்ள தெருக்களை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே பிறந்து, மணமுடித்து, மாண்டுபோகும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. நம்மவரின் கட்டடங்களும் அதே தெருக்களில்தான் இருக்கின்றன.

புழுதியில் கிடப்பவரும் நம் மார்க்கமும்

ஸூரத்துல் பலத் ஒரு செங்குத்தான ஏற்றத்தைப் பற்றிப் பேசுகிறது. அடிமையை விடுவிப்பதும், பசி மிகுந்த நாளில் உறவினரான அநாதைக்கோ புழுதியில் கிடக்கும் ஏழைக்கோ உணவளிப்பதும்தான் அந்த ஏற்றம் என்று விளக்குகிறது. புழுதியில் கிடக்கும் ஏழை என்பவர் யார்? வீடின்றி வழியில் கிடப்பவர் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கம் அளித்ததாகத் தஃப்ஸீர் நூல்களில் காண்கிறோம். ஏழைகளில் பல தரத்தார் உண்டு. அவர்களுள் தலைக்குமேல் கூரையில்லாதவரைத் தனியே சுட்டிக்காட்டிய மார்க்கம் நம்முடையது.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அவர்களுக்கே அங்கு வீடு இல்லை. அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் இல்லத்தில் சில மாதங்கள் தங்கினார்கள். மஸ்ஜிதுன் நபவி எழுந்தபோது அதன் ஒரு பகுதியிலேயே, குடும்பமும் குடிசையும் அற்ற தோழர்களுக்காகத் திண்ணை ஒன்று அமைந்தது. அஹ்லுஸ் ஸுஃப்பா எனப்பட்ட அத்திண்ணைத் தோழர்களில் ஒருவர் அபூஹுரைரா (ரலி). அவர்கள் வழியாக வந்த ஹதீஸ்களை இன்று உலகமே ஓதுகிறது. உடுத்த முழு ஆடையில்லாதவர்களும் அங்கே இருந்தார்கள். அவர்களால் பள்ளியின் கண்ணியம் குறைந்துவிடும் என்று யாரும் அவர்களை வெளியேற்றவில்லை.

உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த சிறந்த நிலத்தை என்ன செய்யலாம் என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். மூலத்தை நிறுத்தி வைத்து, விளைச்சலை அறம் செய்யும்படி வழிகாட்டப்பட்டது. ஏழைகள், உறவினர்கள், அடிமைகள், வழிப்போக்கர்கள், விருந்தினர்கள் எல்லோரும் அந்த வக்ஃபின் பயனாளிகள் ஆனார்கள். நம் ஊர்களின் முஸாபர்கானாக்களும் சராய்களும் அந்த மரபில் வந்தவை. சென்ட்ரல் நிலையத்தின் அருகிலுள்ள சித்தீக் சராய் தன் பெயரிலேயே அம்மரபைச் சுமந்து நிற்கிறது. முன்னோர் சொத்தையே கொடுத்துச் சராய் கட்டினார்கள். பிள்ளைகளாகிய நாம் வாடகை வாங்கிக்கொண்டு கொடுப்பதற்கே தயங்குகிறோம்.

ரமளானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பவரிடம் நாம் மதம் கேட்டதில்லை, குலம் கேட்டதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் எல்லா மக்களுக்கும் கதவைத் திறந்தன; நாடே அதைக் கண்டு வியந்தது. அந்தப் பெருமையை இன்றும் பேசுகிறோம். வெள்ளம் வடிந்ததும் அம்மக்களில் பெரும்பாலோர் தம் வீட்டுக்குத் திரும்பினார்கள். திரும்பிச் செல்ல வீடே இல்லாதவருக்கோ எல்லா இரவும் அந்த இரவுதான். ஒரு வாரப் பேரிடரில் திறந்த கதவு, ஒவ்வொரு நாளும் பேரிடரில் வாழ்பவருக்கு மட்டும் அடைபடுவது எந்த நியாயத்தில் சேரும்?

சொல்லப்படும் காரணங்கள்

மறுப்பவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் என்று சொல்ல வரவில்லை. வாழ்நாள் உழைப்பையும் வளைகுடாவில் கழித்த இளமையையும் ஒரு கட்டடத்தில் போட்டிருப்பவர் அஞ்சுவது இயல்பு. ஆகவே அவர்களின் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"அண்டை வீட்டார் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்" என்பது முதற் காரணம். அண்டை வீட்டாரின் உரிமையை ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திக்கொண்டே இருந்ததால், அண்டை வீட்டார் வாரிசாகவே ஆக்கப்பட்டுவிடுவாரோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள் என்பது நாமறிந்த ஹதீஸ். அந்த உரிமை மகத்தானது. ஆனால் அதில் எதெல்லாம் அடங்கும்? உங்கள் கட்டடத்தால் அவருக்கு இரைச்சல் கூடாது, சாக்கடை நீர் வழியக் கூடாது, வழி அடைபடக் கூடாது. இவை அவர் கேட்கும் உரிமைகள், நிறைவேற்றியாக வேண்டும். ஏழையின் முகம் தம் கண்ணில் படக்கூடாது என்பது அவருடைய உரிமையில் சேராது. அதை உரிமை என்று ஏற்றால், "எங்கள் குடியிருப்பில் முஸ்லிம் கூடாது" என்று ஓர் அடுக்ககச் சங்கம் தீர்மானம் போடும்போது நாம் என்ன சொல்லி எதிர்ப்போம்? அவர்களும் அண்டை வீட்டாரின் விருப்பத்தையே காரணம் காட்டுகிறார்கள். மேலும், இன்று தெருவோரத்தில் உறங்குகிறவரும் உங்கள் கட்டடத்துக்கு அண்டையில்தான் உறங்குகிறார். அவருடைய அண்டை உரிமையை யார் கேட்பது?

"குடிகாரர்கள் வருவார்கள், மாற்று மதத்தார் தம் வழிபாட்டை நடத்துவார்கள், பாவத்துக்குத் துணைபோக முடியாது" என்பது இரண்டாவது. மார்க்கத்தின் பெயரால் எழுவதால் இதற்கு மார்க்கத்தின்படியே விடை காண வேண்டும். இஜாரா எனும் வாடகைச் சட்டத்தில் ஃபுகஹாக்கள் பார்ப்பது, கட்டடம் எந்தப் பயனுக்காக விடப்படுகிறது என்பதை. மதுக்கடை நடத்த விடுவது ஒன்று. மனிதர் தங்கி உறங்க விடுவது மற்றொன்று. தங்கும் பயன் அனுமதிக்கப்பட்டது. தங்குகிறவர் தனிப்பட்ட முறையில் செய்யும் பாவம் அவருடைய கணக்கில் எழுதப்படும். இந்த வேறுபாட்டை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முதுமையில் கையேந்தி நின்ற யூதர் ஒருவரைக் கண்டு மனம் பதறி, பைத்துல் மாலிலிருந்து அவருக்கு உதவித்தொகை நிர்ணயித்த உமர் (ரலி) அவர்களின் செய்தியை நாம் மறந்துவிடலாகாது. மற்றொன்றும் கேட்கத் தோன்றுகிறது. பெருந்தொகை ஒன்றைக் கடனாகப் பெற்றுக்கொண்டு வாடகையின்றி வீட்டில் குடியமர்த்தும் ஒத்தி முறையில் வட்டியின் சாயல் உண்டென்று உலமாக்கள் எத்தனை முறை எச்சரித்தார்கள்! அப்போது எழாத பேணுதல், ஏழை படுக்க இடம் கேட்கும்போது மட்டும் எழுகிறதே, அது பேணுதல்தானா?

"கட்டடம் பாழாகும், ஏதேனும் விபரீதம் நேர்ந்தால் பழி நம்மேல் விழும்" என்பது மூன்றாவது. இதில் உண்மை உண்டு. இதை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை அண்டி நடத்தப்பட்ட தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. நம் சமுதாயம் பக்தியோடு நாடிச் செல்லும் ஊரில், நம் கண்ணெதிரே நடந்த கொடுமை அது.

அதிலிருந்து கற்க வேண்டிய பாடம் என்ன? "இத்தகையோருக்கு இடமே தராதே" என்பது பாடமாகாது. அவ்விடத்தில் மனிதருக்கு இடம் கிடைத்ததால் வந்த கேடன்று அது. எவரும் கேள்வி கேட்காத கூரையின்கீழ், எவரும் எட்டிப் பாராத வேலிக்குள் அவர்கள் கிடந்ததால் வந்த கேடு. நல்ல தெருவில் நல்ல கட்டடம் வைத்திருப்பவர் எல்லோரும் கதவடைத்தால் காப்பகங்கள் இல்லாமல் போய்விடா. ஊர் எல்லைக்கு, காட்டோரத்துக்கு, ஆய்வாளர் போகாத இடத்துக்குத் தள்ளப்படும். அங்கே நல்லவரைவிடக் கேள்விக்கு அஞ்சுகிறவர் எளிதில் கடை விரிப்பார். அண்டை அயலார் நூறு பேர் பார்க்கும் தெருவில், கேள்வி கேட்கத் தெரிந்த உரிமையாளரின் கட்டடத்தில் இயங்கும் காப்பகமே பாதுகாப்பானது. உங்கள் அச்சம் உண்மையானது என்றால், அதைக் கேள்விகளாக மாற்றி நிறுவனத்தாரின் முன் வையுங்கள்.

"உள்ளே விட்டால் காலி செய்ய மாட்டார்கள்" என்பது நான்காவது. வாய்ப்பேச்சில் விட்டவருக்கு எந்த வாடகைதாரரிடமும் நேரக்கூடியது இது. இந்த வாடகைதாரருக்கு மட்டும் உரியதன்று. உங்களோடு ஒப்பந்தம் செய்வது பதிவு பெற்ற ஓர் அமைப்பு; அங்கு உறங்கும் தனிமனிதர் வாடகைதாரர் ஆவதில்லை. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் எழுத்துவடிவ ஒப்பந்தத்தையும் அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவதையும் கேட்கிறது. வாடகை பாக்கி விழுந்தாலோ, கட்டடம் தவறாகப் பயன்படுத்தப்பட்டாலோ மீட்டுக்கொள்ளவும் வழி வகுக்கிறது. அதே சட்டம் முன்பணத்தை மூன்று மாத வாடகைக்குள் அடக்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பத்து மாத முன்பணம் வாங்கிப் பழகிய நமக்கு இந்த வரி மட்டும் கண்ணில் படுவதில்லை.

"தெருவின் மதிப்புக் குறைந்துவிடும்" என்பது ஐந்தாவது. இதற்கு நீண்ட விடை வேண்டியதில்லை. நாம் ஒரு தெருவில் வீடு வாங்கினால் அங்கு மதிப்புக் குறையும் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு நம் நெஞ்சு எப்படிக் கொதித்தது என்பதை நினைத்துப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

எவற்றைக் கேட்க வேண்டும்?

நிபந்தனை விதிப்பது உரிமையாளரின் உரிமை. அமானத்தைப் பேணுகிறவரின் கடமையும்கூட. ஆனால் நிபந்தனை, நடத்தும் அமைப்பின் மீது இருக்க வேண்டும். உறங்க வருபவரின் முகத்தின் மீது இருக்கக் கூடாது. நேர்மையான உரிமையாளர் கேட்க வேண்டியவை இவை:

1. அமைப்பின் பதிவுச் சான்று, கடந்த ஆண்டுகளின் தணிக்கை அறிக்கை, மாநகராட்சியோடு ஒப்பந்தம் இருப்பின் அதன் நகல்.

2. யாருக்கான காப்பகம் என்பதும் அதற்குரிய உரிமமும். பெண்களுக்கும் சிறுவர்களுக்குமான இல்லம் என்றால் 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. மனநோயாளிகளுக்கு என்றால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லை என்றால் கட்டடமும் இல்லை. இதில் இரக்கம் காட்ட வேண்டாம்.

3. எத்தனை பேர் தங்குவார்கள்? தலைக்கு 50 சதுர அடி என்பது தேசியத் திட்டத்தின் அளவுகோல். உறங்கும் கூடம் 2,500 சதுர அடி என்றால் 50 பேர். அதில் நூறு பேரை அடைக்கப் போவதாகச் சொன்னால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

4. தீயணைப்புக் கருவிகள், இரண்டாவது வெளிவாசல், இரவில் பொறுப்பாளர் ஒருவர். எந்தக் கதவும் வெளிப்புறம் பூட்டப்படாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஏர்வாடிக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு அதுவே.

5. கழிப்பறை, கழிவுநீர்த் தொட்டி, குப்பை, மின் கட்டணம், பழுதுபார்ப்பு ஆகியவற்றுள் எது யார் பொறுப்பு என்பது. அக்கம்பக்கத்தார் முறையிட ஒரு தொலைபேசி எண்ணும் பெயரும்.

6. அரசு நிதி தாமதமானால் வாடகை எப்படி வரும் என்பது. இரண்டு மாத இருப்பைத் தனியே வைக்கும்படி கேட்கலாம். உள்வாடகைக்கு விடலாகாது என்பதும் எழுதப்பட வேண்டும்.

இவற்றுக்கு நேர்விடை தரும் அமைப்புக்குப் பதினொரு மாத ஒப்பந்தம் போட்டு ஆண்டுதோறும் திகிலில் வைக்காமல், மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து கொடுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம். காப்பகம் இடம் மாறும் ஒவ்வொரு முறையும் முதியவர்களில் சிலர் மீண்டும் தெருவுக்கே போய்விடுகிறார்கள். நிலைத்த முகவரி கிடைத்தால்தான் குடும்ப அட்டைக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்க முடிகிறது.

வாடகையில் சலுகை தர மனம் வந்தால் தாருங்கள். அது ஸதகாவாக எழுதப்படும், இன்ஷா அல்லாஹ். ஆனால் வராத வாடகையைத் தள்ளுபடி செய்துவிட்டு அதை ஸகாத் கணக்கில் எழுதிவிடாதீர்கள். கடனைத் தள்ளுபடி செய்வது ஸகாத் ஆகாது என்பதே அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. ஸகாத், உரியவரின் கையில் உடைமையாகச் சேர வேண்டிய ஒன்று.

சட்டம் விட்டுவைத்த இடம்

மேற்சொன்ன அனைத்தையும் கேட்டு, திருப்தியான விடையும் பெற்று, அதன் பின்னும் "அந்த மாதிரி ஆட்களுக்கு இல்லை" என்று ஒருவர் மறுத்தால் சட்டம் அவரைத் தடுக்காது. பாகுபாட்டைத் தடைசெய்யும் அரசமைப்பின் 15ஆவது பிரிவு முதன்மையாக அரசையே கட்டுப்படுத்துகிறது. தனியார் வீட்டு உரிமையாளரை எட்டுவதில்லை. 2005இல், பார்சி சமூகத்தாரை மட்டுமே உறுப்பினராக ஏற்கும் வீட்டுவசதிச் சங்கத்தின் விதியை உச்ச நீதிமன்றமே செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் இன்றளவும் பல குடியிருப்புகள் நம்மை வாசலிலேயே நிறுத்துகின்றன.

சட்டம் அமைதியாக இருக்கும் இந்த இடத்தில்தான் தக்வா பேச வேண்டும். சட்டம் அனுமதித்ததால் நமக்குக் கதவடைத்தவரை நாம் மன்னித்துவிட்டோமா? இல்லை. "சட்டம் தடுக்காவிட்டாலும் மனசாட்சி தடுக்க வேண்டாமா?" என்று கேட்டோம். அந்தக் கேள்வி இப்போது நம் வாசலில் வந்து நிற்கிறது. தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளக்கும்போது குறைப்பவர்களைக் கண்டிக்க ஒரு ஸூராவே இறங்கியது. தராசு தானியத்துக்கு மட்டும் உரியது என்று யார் சொன்னது?

முடியாத ஒன்றை நாம் கேட்கவில்லை. 1993 முதல் வீடற்ற மனநோயாளிப் பெண்களுக்காகச் சென்னையில் உழைத்துவரும் பேன்யன் அமைப்பு, 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' என்ற திட்டத்தை நடத்துகிறது. ஆண்டுக்கணக்கில் காப்பகத்திலேயே கிடந்தவர்கள், நான்கைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருக்களில் சாதாரண வாடகை வீடுகளில் வாழ்கிறார்கள். சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், சிலர் வேலைக்கும் போகிறார்கள். அவ்வீடுகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. அவர் பெரும் வள்ளலாக இருந்திருக்க வேண்டியதில்லை. "சரி, வாருங்கள்" என்றார், அவ்வளவே.

இல்லத்தரசிகளுக்கும் ஜமாஅத்தாருக்கும்

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்மக்களுக்கே வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. ஆகவே இது ஆண்கள் கூடி முடிவெடுக்கும் விவகாரம் மட்டுமன்று. பத்திரம் உம்மாவின் பெயரிலோ ராத்தாவின் பெயரிலோ இருக்கும் குடும்பங்களில் கடைசிச் சொல் அவர்களுடையது. சென்னைக்கோ துபாய்க்கோ குடிபெயர்ந்த பின், ஊரில் பூட்டிக்கிடந்து கரையான் அரிக்கும் வீடுகள் எத்தனை! பூட்டிய வீடு சுவரிலிருந்து பழுதாகிறது. மனிதர் புழங்கும் வீடு நிலைக்கிறது. ஆதரவற்ற பெண்களுக்கான இல்லம் நடத்துவோர் கேட்டு வந்தால், மேலே சொன்ன கேள்விகளை நீங்களே கேளுங்கள். வீடின்றி நிற்பதன் அச்சம் ஒரு பெண்ணுக்கு எத்தகையது என்பதைப் பெண்ணைவிட யார் அறிவார்?

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். பதிவான வக்ஃப் சொத்துகள் மேற்சொன்ன வாடகைச் சட்டத்தின் வரம்பில் வாரா; அவற்றின் குத்தகைக்கு வக்ஃப் சட்டமும் வாரியத்தின் விதிகளும் உண்டு. அவற்றின்படியே செய்யுங்கள், வக்ஃபு செய்தவரின் நிபந்தனையை மீறாதீர்கள். ஆனால் மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர் தம் சொந்தக் கட்டடத்தைக் காப்பகத்துக்குக் கொடுக்க முன்வரும்போது, அவரைக் கூப்பிட்டு "வேண்டாம் பாய், தெருவில் பேச்சு வரும்" என்று தடுப்பவர்களாக இருந்துவிடாதீர்கள். காப்பகத்தாரையும் தெருவாசிகளையும் ஒரே பாயில் அமர்த்தி, சந்தேகங்களைப் பேசித் தீர்க்கும் இடம் ஜமாஅத்தாக இருக்கட்டும். ஜும்ஆவில் இமாம் அவர்கள் பத்து நிமிடம் இதைப் பேசினால், பத்துக் கட்டுரைகள் செய்யாததை அது செய்யும்.

நம் பிள்ளைகள் நாளை மற்றொரு நகரத்தில் வீடு தேடுவார்கள். பெயரைக் கேட்டுக் கதவை மூடுகிறவரைக் கண்டு, "இது அநீதி" என்று அவர்கள் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் தகுதியை அவர்களுக்கு விட்டுச்செல்வது நம் கையில் இருக்கிறது. காலியாகக் கிடக்கும் மாடியின் சாவி இப்போது உங்களிடம்தான் உள்ளது. கேட்டு வருகிறவரின் தாள்களை வாங்கிப் படியுங்கள், கேள்விகளைக் கேளுங்கள், கணக்கைப் பாருங்கள். விடைகள் சரியாக இருந்தால் சாவியைக் கொடுங்கள்.

யா அல்லாஹ்! எங்களுக்குத் தங்க இடமளித்தவன் நீயே. உன் படைப்புகளில் இடமற்றவர்களுக்கு எங்கள் வாசல்களைத் திறக்கும் மனத்தை எங்களுக்குத் தருவாயாக! பிறர் எங்களுக்கு இழைத்த அநீதியை நாங்கள் பிறருக்கு இழைக்காமல் காப்பாயாக! ஆமீன்.